சில்லறை இல்லாத ஊரில் நூறு யுவான்

போன வருஷம் ஒரு செமஸ்டர் முழுக்க சீனாவில், ஹாங்சோ நகரத்தில் இருந்தேன். திரும்பி வந்ததும் எங்க பி.காம். பசங்க கேட்ட முதல் கேள்வி, "பாம்பு சாப்பிட்டியாடா?" இல்லை மக்களே. முதல் வாரம் ஒரு பன் சாப்பிடவே வழியில்லாமல் நின்றேன். அந்தக் கதைதான் இது.

நான் தங்கியிருந்தது பழைய குடியிருப்பு. ஒரே வாசல், ஒரு காவலாளி, லிஃப்ட் இல்லாத ஆறு மாடிக் கட்டடங்கள். வெயில் அடித்தால் போதும், மரத்துக்கு மரம் கயிறு கட்டிப் போர்வைகளைக் காயப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் பாட்டிமார் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு வரிசையாக நின்று ஆடுவார்கள். வாசலை ஒட்டி, ஆவியில் வேகவைத்த பாவ்சி பன் விற்கும் ஒரு அம்மா. அந்த வயதுப் பெண்களை அங்கே 'ஆயி' என்றுதான் கூப்பிட வேண்டும். அப்பாயி, அம்மாயி என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்குச் சீன மொழியில் சிரமமில்லாமல் வந்த ஒரே வார்த்தை அதுதான். ஹி ஹி..

ஹாங்சோ, அலிபாபாவின் சொந்த ஊர். அவர்கள் 2004-ல் தொடங்கிய அலிபே இன்றைக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும் வண்டி வரைக்கும் வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் க்யூஆர் அட்டை. 2023-லிருந்து வெளிநாட்டு கார்டுகளை அதில் சேர்ப்பதும் சுலபமாகிவிட்டது. ஆனால் என் கார்டுக்கான ஓடிபி, ரோமிங் போடாமல் கொண்டுபோன இந்திய சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தது. என் புத்திசாலித்தனம் அப்படி!

கையில் இருந்தது எல்லாம் நூறு யுவான் தாள்கள். இரண்டு பன், ஒரு சோயா பால், மொத்தம் 7 யுவான். ஆயி தாளைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து காட்டினார். "மெய்யோ." இல்லையாம்.

சீனாவில் கடைக்காரர் ரொக்கத்தை மறுக்கக் கூடாது. மத்திய வங்கி 2018-லும் 2020-லும் இதற்காகவே அறிவிப்பு வெளியிட்டது. ஆயி மறுக்கவும் இல்லை. மீதி 93 யுவான் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். லீகல் டெண்டர் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எதிராளியின் பெட்டியில் சில்லறை இல்லாவிட்டால் அது வெறும் காகிதம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்போது பின்னால் நின்ற ஒரு தாத்தா துணிப்பையை எடுத்தார். என் நூறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பத்தும் ஐந்தும் ஒன்றுமாக நிதானமாக எண்ணிக் கொடுத்தார். முந்தின நாள் கூடப் படிப்பவன் ஒருவன் எனக்கு டிபன் வாங்கித் தந்தபோது, இதே தாத்தா இதே மாதிரி எண்ணிக்கொண்டிருந்தார். "இவரு எப்போ முடிக்கிறது" என்று உச்சுக் கொட்டியது நான்தான்.

நான் போன் பேமெண்ட்டுக்கு எதிரி இல்லை. ஊருக்கு வந்தால் நானும் டீக்கு ஜிபேதான். 'சில்லறை இல்ல தம்பி, ஸ்கேன் பண்ணிடுங்க' என்று நம்ம டீக்கடையிலும் சொல்ல ஆரம்பித்தாயிற்று. என் கவலை இதுதான்: ரொக்கத்தை யாரும் தடை செய்ய வேண்டியதே இல்லை. சில்லறை புழங்காமல் போனாலே போதும், வயசானவர்களும் ஊருக்குப் புதுசாக வந்தவர்களும் தானாகவே வரிசைக்கு வெளியே போய்விடுவார்கள். சட்டம் மட்டும் போதாது, சிறு கடைகளுக்குச் சில்லறை போய்ச் சேர வேண்டும். 2024-ல் சீன வங்கிகள் சில்லறை நோட்டுகளைப் பொட்டலமாகக் கட்டிப் பரவலாகக் கொடுத்தன. சின்ன விஷயம்தான், ஆனால் சரியான விஷயம். நம்ம வங்கிகளும் செய்யலாம்.

என் ஓடிபி பிரச்சினை பத்து நாளில் தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஆயி கடையில் மட்டும் ரொக்கமாகவே கொடுத்தேன். அவருக்கு அது கொஞ்சம் தொல்லைதான். ஆனால் அடுத்து எவனாவது ஒருவன் நூறு யுவானோடு வந்து நிற்பானே, அப்போது அந்தப் பெட்டியில் சில்லறை இருக்க வேண்டாமா?