டிஜிட்டல் படம் இலவசமா?

"ஃபிலிம் செலவு கிடையாது, இஷ்டத்துக்கு எடுத்துத் தள்ளலாம்!" டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் எல்லோரும் சொன்னது இதுதான். நானும் சொன்னேன். இன்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

ஃபிலிம் செலவு கண்ணுக்குத் தெரிந்த செலவு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் ஊரில் 36 படம் எடுக்கும் கலர் ரோல் சுமார் 100 ரூபாய். கழுவி பிரிண்ட் போட இன்னொரு 150 ரூபாய். ஆக, ஒரு படத்துக்கு 7 ரூபாய். கண்ணை மூடிக்கொண்ட மாமாவுக்கும் அதே 7 ரூபாய்தான்! ரோலில் நாலு படம் மிச்சம் இருந்தால், தீபாவளிப் படத்தைப் பார்க்கப் பொங்கல் வரை காத்திருக்க வேண்டும்.

டிஜிட்டலில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் செலவு ஒழிந்துவிடவில்லை, தள்ளிப் போயிருக்கிறது. 12 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 4 எம்.பி. பத்தாயிரம் படம் சேர்ந்தால் 40 ஜி.பி. வீடியோ தனி. இதையெல்லாம் எங்கே வைப்பது?

நான் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். 2011-இல் ஒருநாள் அது 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. மகளின் முதல் இரண்டு வருடப் படங்கள் முழுக்க அதில். மீட்டுத் தருவதாகச் சொன்னவர் கேட்ட தொகை, கேமராவின் விலையைவிட அதிகம். கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. விட்டுவிட்டேன். 1998-இல் நடந்த எங்கள் கல்யாண நெகட்டிவ்களோ பீரோவில் பழைய கவரிலேயே கிடந்தன. ஓரிரண்டில் பூஞ்சை. மற்றவற்றை ஸ்கேன் செய்தபோது நன்றாகவே வந்தன.

அதற்காக ஃபிலிமுக்குத் திரும்பச் சொல்லவில்லை. கோடாக் நிறுவனம் 2009-இல் கோடாக்ரோம் ஃபிலிமை நிறுத்தியது. அதைக் கழுவித் தந்த கடைசி லேப் அமெரிக்காவின் கான்சாஸில் இருந்தது. அதுவும் 2010 முடிவில் ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. சாதாரண கலர் ரோல் இன்றும் கிடைக்கிறது, ஆனால் விலை பல நூறு ரூபாய்.

ரோலுக்குக் கொடுத்த காசைப் பாதுகாப்புக்குக் கொடுங்கள் என்பதே என் கட்சி. இரண்டு ஹார்ட் டிஸ்க். அதில் ஒன்று வேறு வீட்டில். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். கூடவே வருடத்துக்கு 36 படமாவது பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வையுங்கள்.

பணம் பெரிதாக ஆகாது. நேரம்தான் ஆகும். போன வருடம் எடுத்த நாலாயிரம் படத்தில் 36-ஐப் பொறுக்கி எடுக்க எனக்கும் மனைவிக்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.