நவம்பரில் குருடாகும் நடுவர்கள்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர்களில் எவரும் தோற்பதில்லை. ஆன் ஆர்பரிலும் கொலம்பஸிலும் டஸ்கலூசாவிலும் ரசிகப் பெருமக்கள் பருவத்தின் ஆட்ட அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டு ஆட்டங்களுக்கும் எதிரே வெற்றி, வெற்றி என்று எழுதிக்கொண்டே போவார்கள். நடுநிலையாளர் என்று பெயரெடுக்க விரும்புகிறவர் மட்டும் எங்கேனும் ஓரிடத்தில் ஒரு தோல்வியைச் செருகிப் பதினொன்றுக்கு ஒன்று என்று முடிப்பார். ஒரு கான்ஃபரன்ஸிலுள்ள எல்லா அணியினரின் ஆரூடங்களையும் கூட்டிப் பார்த்தால், ஆடப்படும் ஆட்டங்களைவிட வெல்லப்படும் ஆட்டங்கள் மிகுதியாக இருக்கும். இதை எந்தக் கணிதப் பேராசிரியரும் சுட்டிக்காட்டியதாகத் தெரியவில்லை. அவரும் அன்று அட்டவணையும் கையுமாகத்தான் இருந்திருப்பார்.

இதில் தீங்கென்ன என்று கேட்பீர்கள். கனவு காண்பதில் தீங்கில்லை. அக்கனவை ரசிகர் தமக்கு வரவேண்டிய கடனாகக் கணக்கெழுதி வைத்துக்கொள்கிறாரே, அங்கேதான் நம் வழக்கு தொடங்குகிறது. நவம்பரில் அக்கடன் வசூலாகாதபோது, அதை யார் தலையில் எழுதுவது? பயிற்சியாளரைச் சில வாரம் திட்டலாம். பிள்ளைகளைத் திட்டுவது அழகன்று. எஞ்சியிருப்பவர் கோடுபோட்ட சட்டையணிந்த அந்த நடுவர்தாம்.

பருவத்துக்கு முந்தைய ஆரூடம் எத்தகைய மணற்கோட்டை என்பதற்குத் தொழில்முறைக் கணிப்பாளர்களே சான்று. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1950 முதல் பருவம் தொடங்குமுன்பே தரவரிசை வெளியிட்டு வருகிறது. 2012இல் அவ்வரிசையில் முதலிடம் பெற்ற தென் கலிபோர்னியா, ஏழு வெற்றி, ஆறு தோல்வியோடு பட்டியலிலேயே இல்லாமற்போனது. 2024இல் பத்தாமிடத்திலிருந்து புறப்பட்ட ஃபுளோரிடா ஸ்டேட் இரண்டே ஆட்டங்களை வென்று பத்தில் தோற்றது. பத்துத் தோல்விகளுக்கும் நடுவரையே காரணங்காட்டுவது அங்கேகூட இயலாத காரியம் என்றே நம்புகிறோம்.

ஆனால் பகையணியோடு ஆடும் ஆட்டத்தில் அது இயலும். 2016 நவம்பர் 26 அன்று ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வாட்டத்தில் பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. இரண்டாம் கூடுதல் நேரத்தில், மூன்று புள்ளி பின்தங்கியிருந்த ஒஹாயோவுக்கு எஞ்சியது கடைசி வாய்ப்பு. தேவைப்பட்டது ஒரு கெஜம். ஜே.டி. பாரட் பந்தோடு பாய்ந்து விழுந்தார். எட்டிவிட்டார் என்றார் நடுவர். மறுகாட்சியும் அதை மாற்றவில்லை. அடுத்த ஓட்டத்தில் ஒஹாயோ 30-27 என வென்றது. மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா நடுவர்களைக் கடுமையாகச் சாடினார். பிக் டென் கான்ஃபரன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பத்தாயிரம் டாலர் அபராதம் விதித்தது.

அந்தச் சில அங்குலங்களைப் பற்றி மிச்சிகன் ரசிகர் இன்றும் நில அளவையாளரைப்போல் பேசுவார். அதே ஆட்டத்தில் தம் அணி பந்தை மூன்றுமுறை பறிகொடுத்ததையும், அவற்றிலொன்று எதிரியின் டச்டவுனாகவே முடிந்ததையும், மற்றொன்று எதிரியின் கோட்டருகே கைநழுவியதையும் பேசமாட்டார். ஒஹாயோ ரசிகர் மட்டும் யோக்கியரா? தம் உதையாளர் எளிய உதைகள் இரண்டைத் தவறவிட்டதை மறந்து, வெற்றி எழுதிவைத்தபடியே வந்தது என்பார். சில அங்குலங்கள் மறுபக்கம் விழுந்திருந்தால் இருவரும் உரைகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டியிராது.

நடுவர்கள் தவறுவதேயில்லை என்று வாதிடுபவர்களல்லர் நாம். வாரநாள்களில் வேறு தொழில் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை விசில் ஊதுகிறவர்கள் அவர்களிற் பெரும்பாலோர். தவறுகிறார்கள், சிலவேளை நம்பமுடியாத அளவுக்குத் தவறுகிறார்கள். 1990 அக்டோபர் 6 அன்று மிசூரி பல்கலைக்கழக மைதானத்தில் எண்ணிக்கை பிசகி, கொலராடோவுக்கு ஐந்தாவது வாய்ப்பு கொடுத்தார்கள். அந்த ஐந்தாவதில் டச்டவுன் அடித்து 33-31 என வென்ற கொலராடோ, அப்பருவத்தின் தேசிய வாகையை ஜார்ஜியா டெக்கோடு பகிர்ந்துகொண்டது. எண்ணிக்கை சரியாக இருந்திருந்தால் உண்மையான நான்காவது வாய்ப்பைக் கடிகாரத்தை நிறுத்துவதற்காக வீணடித்திருக்கமாட்டோம் என்பார்கள் கொலராடோ தரப்பினர். அவ்வளவில் அது நியாயமான வாதமே. ஆனால் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி அன்று குறைபட்டுக்கொண்டது வழுக்குந் தரையைப் பற்றி! ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்ற கதையை நாமறிவோம். வென்றவரும் முற்றத்தைப் பழித்தது அன்றுதான். இத்தனைக்கும் அவர் இளமையில் அதே மிசூரிக்காக ஆடியவர். தாம் செய்தது தகாதென்று அவர் வருந்தியது பல்லாண்டுகள் கழித்து.

நியாயத்தின்பால் ரசிகருக்கு உண்மையிலேயே பற்று இருந்தால், தமக்குச் சாதகமான தவற்றின்போதும் அவர் கூச்சலிட வேண்டும். 2015இல் மயாமி, ட்யூக்குக்கெதிராகப் பந்தை எட்டுமுறை கைமாற்றி வென்றபோது, இடையில் ஒருவரின் முழங்கால் தரையைத் தொட்டிருந்தது. அந்த நடுவர்குழுவை இரண்டு ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தார்கள். முடிவு அப்படியே நின்றது. வெற்றியைத் திருப்பிக்கொடுங்கள் என்று மயாமியிலிருந்து குரல் எழுந்ததா? ட்யூக் வென்றிருந்தால் அங்கிருந்தும் எழுந்திராது.

இதை வேடிக்கையென்று தள்ளிவிட முடியாமற்செய்வது 2006 செப்டம்பரில் யூஜீன் நகரில் நடந்தது. ஓரிகனின் உதை பத்து கெஜம் போகுமுன்பே அவ்வணியின் வீரர் பந்தைத் தொட்டுவிட்டார். மறுகாட்சிக்குப் பின்னும் பந்து ஓரிகனுக்கே என்றார்கள். ஓக்லஹோமா 34-33 எனத் தோற்றது. தவறு தவறுதான், நடுவர்கள் ஓராட்ட இடைநீக்கம் பெற்றார்கள். ஓக்லஹோமாவின் தலைவர் டேவிட் போரன், முன்னாள் செனட்டர், அவ்வாட்டத்தையே பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரினார். மறுகாட்சிப் பெட்டியிலிருந்த அதிகாரிக்கோ கொலைமிரட்டல்கள் வந்தன. அவர் அப்பருவம் முழுவதும் ஒதுங்கிக்கொண்டார். ஒரு மனிதர், சில ஒளிப்படச் சட்டங்கள், சில நிமிட அவகாசம். அதற்கு அவர் வீட்டுத் தொலைபேசி மணியடித்தபடியிருந்தது. அடித்தவர்களுள் எத்தனை பேர் ஆகஸ்டில் தம் அட்டவணையில் அந்த ஆட்டத்துக்கெதிரே வெற்றி என்று எழுதி வைத்திருந்தார்கள் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

கான்ஃபரன்ஸ்களையும் நாம் விடுவதாயில்லை. நடுவரை நியமிப்பதும் அவர்களே, தவற்றை விசாரிப்பதும் அவர்களே, வாய்திறந்த பயிற்சியாளருக்கு அபராதம் விதிப்பதும் அவர்களே. தண்டனை நடுவருக்கு, புள்ளிகள் வென்றவருக்கு என்ற இந்த ஏற்பாடு ரசிகரின் இரட்டை நாக்குக்கு அலுவலக முத்திரை குத்துகிறது.

வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. 1940 நவம்பர் 16 அன்று கார்னெல், டார்ட்மத்துக்கெதிராகக் கடைசி நொடிகளில் டச்டவுன் அடித்து 7-3 என வென்றது. அதற்குமுன் பதினெட்டு ஆட்டங்களாகத் தோல்வியறியாத அணி அது. படச்சுருளை ஓட்டிப் பார்த்தபோது, அது ஐந்தாவது வாய்ப்பு என்று தெரிந்தது. நடுவர் ரெட் ஃப்ரீசெல் தம் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டார். முடிவை மாற்றும் அதிகாரம் எவருக்குமில்லை. எந்த விதியும் வற்புறுத்தவுமில்லை. கார்னெல் டார்ட்மத்துக்குத் தந்தி கொடுத்தது: வெற்றி உங்களுடையது. டார்ட்மத் பெற்றுக்கொண்டது, ஏடுகளில் 3-0 என்றே இன்றுமுள்ளது. அடுத்த வாரம் கார்னெல் பென்சில்வேனியாவிடமும் தோற்றது.