சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். டிரையல் பேலன்ஸ் போடும்போது சில சமயம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடிக்கும். விடிய விடியத் தேடினாலும் தப்பு எங்கே என்று அகப்படாது. அப்போது வித்தியாசத் தொகையை ஒரு தலைப்பின் கீழ் எழுதி, கணக்கைச் சமமாக்கி வைப்பார்கள். அதற்குப் பெயர் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தற்காலிக ஏற்பாடுதான். தப்பு கிடைத்ததும் காலி செய்துவிட வேண்டும். 'அங்கேயே குடித்தனம் நடத்தக் கூடாதுடா' என்பார் எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார்.

விண்வெளி சாகசத் தொடர் எழுதுகிற ஹாலிவுட் ஆசாமிகள் பலர் அங்கேதான் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள். வாடகைகூடக் கொடுப்பதில்லை.

இந்தத் தொடர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கோஷ்டி சண்டைக்கு வரும். முதல் கோஷ்டி சயின்ஸ் வாத்தியார்கள். 'விண்வெளியில் காற்றே கிடையாது, வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும்?' என்பார்கள். இரண்டாவது கோஷ்டி பரம ரசிகர்கள். 'கதைதானே சார், இதிலெல்லாம் போய் லாஜிக் பார்த்துக்கிட்டு...' என்பார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வாத்தியார்களுக்கு. கதை, அறிவியலிடம் கடன் வாங்கலாம். தப்பே இல்லை. 1966-ல் 'ஸ்டார் டிரெக்' ஆரம்பித்தபோது ஜீன் ராடன்பரிக்கு ஒரு சிக்கல். வாராவாரம் ஒரு கிரகத்தில் விண்கலம் இறங்குவதைக் காட்டப் பணம் கிடையாது. அதனால் ஆளை இங்கே கரைத்து அங்கே உருவாக்கும் டிரான்ஸ்போர்ட்டர் பிறந்தது. விஞ்ஞானத்தின் பிள்ளை அல்ல அது. பட்ஜெட்டின் பிள்ளை.

ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒரே சமயத்தில் துல்லியமாக அறிய முடியாது என்பது ஹைசன்பர்க் கண்ட விதி. அப்புறம் எப்படி ஆளை அணு அணுவாகப் பிரித்து அனுப்புவது? பின்னால் வந்த ஸ்டார் டிரெக் தொடர்களில் 'ஹைசன்பர்க் காம்பன்சேட்டர்' என்று ஒரு கருவியைச் சேர்த்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, தொடரின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான மைக்கேல் ஒகுடா சொன்ன பதில் பிரசித்தம்: ரொம்ப நன்றாகவே வேலை செய்கிறது, நன்றி!

எனக்கு இந்த பதில் பிடிக்கும். இது கடன் என்று ஒப்புக்கொள்கிற பதில். கடன் வாங்கியவன் கடன் என்று சொல்லிவிட்டால் கௌரவம்தான்.

இப்போது ரசிகர்களுக்கு. 1995 முதல் 2001 வரை ஏழு சீசன்கள் ஓடிய 'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' ஞாபகமிருக்கிறதா? ஆரம்பம் அபாரம். சுமார் 150 பேருடன் ஒரு கப்பல், வீட்டிலிருந்து 70,000 ஒளி ஆண்டு தூரத்துக்குத் தூக்கி எறியப்படுகிறது. முழு வேகத்தில் போனாலும் ஊர் திரும்ப 75 வருடம். வகுத்துப் பாருங்கள், ஒளியைவிடத் தொள்ளாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேகம். ஐன்ஸ்டைன் அனுமதிக்க மாட்டார். பரவாயில்லை, அது கடன். அனுமதித்தோம்.

ஆனால் அவர்களே ஒரு கணக்கு எழுதினார்கள். முதல் சீசனிலேயே சொல்கிறார்கள்: கையிருப்பு 38 டார்ப்பிடோ, தீர்ந்தால் மறுபடி கிடைக்க வழியில்லை. ஆஹா, இனி ஒவ்வொன்றும் தங்கம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம்? தீபாவளி மாதிரி வெடித்தார்கள். ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். 38-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கப்பல் அடிபட்டுச் சின்னாபின்னமாகும். அடுத்த வாரம் ஷோரூமிலிருந்து வந்த புது கார் மாதிரி பளபளக்கும்.

உச்சகட்டம் 1996-ல் வந்த 'த்ரெஷோல்ட்' எபிசோட். வார்ப் 10 என்ற வேகத்தைத் தொட்டுவிடுகிறார்கள். அதாவது முடிவிலி வேகம், ஒரே நேரத்தில் பிரபஞ்சத்தில் எல்லா இடத்திலும் இருக்கலாம். பக்க விளைவாக விமானி பல்லி மாதிரி ஒரு நீர்நில ஜந்துவாகிறார். கேப்டனம்மாவையும் கூட்டிப்போய் அப்படியே ஆக்கி, குட்டிகளும் போட்டாகிவிட்டது. கடைசியில் டாக்டர் இருவரையும் மனிதர்களாக மாற்றிவிடுகிறார். சுபம். அந்த எபிசோடுக்கு மேக்கப்புக்காக எம்மி விருதும் கிடைத்தது.

பல்லியைக்கூட மன்னித்துவிடலாம் ஐயா. என் கேள்வி வேறு. ஒரு நொடியில் வீடு போகும் வழி கிடைத்துவிட்டது. பக்க விளைவுக்கு வைத்தியமும் கிடைத்துவிட்டது. பிறகு எதற்கு இன்னும் ஐந்து வருடம் அலைந்தீர்கள்? எல்லோரும் பல்லியாக ஊர் போய்ச் சேர்ந்து, அங்கே வைத்துக் குணமாக்கிக்கொள்ளக் கூடாதா? பதிலில்லை. சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

இந்த லட்சணத்தில் வசனமெல்லாம் ஒரே விஞ்ஞானம். அதன் ரகசியத்தை, ஸ்டார் டிரெக் தொடர்களில் வருடக்கணக்கில் எழுதிய ரொனால்ட் மூர் பின்னாளில் போட்டு உடைத்தார். திரைக்கதையில் அந்த இடத்தில் 'டெக்' என்று மட்டும் எழுதி வைப்பார்களாம். அறிவியல் ஆலோசகர்கள் பிறகு வந்து, வாயில் நுழையாத வார்த்தைகளாகப் பார்த்து நிரப்புவார்களாம். கோடிட்ட இடத்தை நிரப்புக! ஆபத்தும் டெக், தீர்வும் டெக். நடுவில் மனிதன் என்ன இழந்தான், எதைத் தேர்ந்தெடுத்தான்? ஒன்றுமில்லை.

மூர் 1999-ல் வாயேஜருக்குப் போனார், சீக்கிரமே வெளியேறினார். பிறகு அவர் உருவாக்கிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' 2004-ல் தொடராக வந்தது. அதிலும் ஒளியை மிஞ்சும் தாவல் உண்டு, விளக்கம் கிடையாது. ஆனால் அதிபர் லாரா ராஸ்லினிடம் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். மிச்சமிருக்கும் மனிதர்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு எண். முதல் எபிசோடில் 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வருகிறான். ஐந்து நாளாக யாருக்கும் தூக்கமில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் பயணித்த சொந்தக் கப்பலையே சுட்டு வீழ்த்தும்படி ஆகிறது. கடைசியில் ஒரு குழந்தை பிறக்கிறது. ராஸ்லின் பலகையில் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரே ஒரு எண் சார்! அறிவியல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. கணக்கு இருந்தது.

அதற்காக மூரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. 2009-ல் வந்த இறுதிக் காட்சிகளில் அவரும் பாக்கியையெல்லாம் கடவுள் பெயரில் எழுதிவிட்டு, கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பிவிட்டார். நான்கு சீசன் ஒழுங்காகக் கணக்கெழுதியவர் மார்ச் மாதம் வந்ததும் லெட்ஜரைக் கொளுத்திய கதை. 2015 முதல் 2022 வரை வந்த 'தி எக்ஸ்பான்ஸ்' பரவாயில்லை. நம்ப முடியாத சிக்கனத்தில் ஓடும் எப்ஸ்டைன் எஞ்சின் ஒன்று, அதுதான் பெரிய கடன். அதற்கு வட்டி கட்டுகிறார்கள். வேகம் கூட்டினால் உடம்பு நாற்காலியோடு நசுங்குகிறது, மருந்தை ஏற்றிக்கொண்டு தாங்க வேண்டும், மூளை நரம்பு வெடித்துச் சாகவும் சாகிறார்கள்.

'உனக்கென்ன வந்தது, பிடிக்கலைன்னா சேனலை மாத்து' என்கிறீர்களா? மாற்றலாம்தான். ஆனால் பழக்கம் என்று ஒன்றிருக்கிறது. புரியாத கனமான வார்த்தை வந்தால் கேள்வி கேட்காமல் தலையாட்டு என்று வாராவாரம் டியூஷன் எடுக்கிறார்கள். அதே பயிற்சியோடு உட்கார்ந்திருக்கிற நம்மிடம் நாளைக்கு ஒருவன் வந்து, 'குவாண்டம்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து வளையல் விற்றால், பர்ஸை எடுக்கத்தானே செய்வோம்?

நிஜத்திலும் ஒரு வாயேஜர் இருக்கிறது. 1977-ல் நாசா அனுப்பியது. நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகம். மிக அருகிலுள்ள நட்சத்திரம் இருக்கும் தூரத்தைக் கடக்கவே ஏறத்தாழ 75,000 வருடம் ஆகும். அதன் மின்சாரம் ஆண்டுக்கு சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் ஒவ்வொரு கருவியாக அணைக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1-ன் காஸ்மிக் கதிர்க் கருவியை அணைத்தார்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு உழைத்த கருவி.

2023 நவம்பரில் அது திடீரென்று உளற ஆரம்பித்தது. மாதக்கணக்கில் தேடி, ஒரு மெமரி சிப் போய்விட்டது என்று கண்டுபிடித்தார்கள். போய் மாற்ற முடியாது. அதிலிருந்த நிரலை அப்படியே வைக்க வேறெங்கும் இடமில்லை. துண்டு துண்டாக்கி, கிடைத்த இடுக்குகளில் செருகினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று கட்டளையை அனுப்பினார்கள். போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல். பதில் வர மறுபடி அவ்வளவு நேரம். இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல் 20, பதில் வந்தது. ஒழுங்கான பதில்.

இதில் பல்லி இல்லை, வார்ப் இல்லை. இல்லாத வாட்டும் இல்லாத இடமும்தான் கதை. டிவி வாயேஜரும் 38 டார்ப்பிடோவோடு இப்படித்தான் ஆரம்பித்தது. முப்பத்தொன்பதாவதைச் சுடும்போது யாராவது ஒருத்தர், 'ஏம்ப்பா, இது எங்கேருந்து வந்தது?' என்று கேட்டிருக்க வேண்டும்.

அவர்கள் கேட்கவில்லை. அடுத்த தொடர் பார்க்கும்போது நீங்களாவது கேளுங்கள்.