துபாசி இருக்கத் திருட்டு எதற்கு?

ஆய்வுக்கூடக் கருவி தரும் அளவுகளைத் திறக்கும் மென்பொருள் விண்டோசில் மட்டுமே ஓடும். என் கணினியிலோ லினக்ஸ். விண்டோஸ் வாங்கக் கையில் காசில்லை. “திருட்டுப் பிரதி தருகிறேன், போட்டுக்கொள்” என்றார் விடுதி நண்பர். உண்மையைத் தேடும் ஆய்வைத் திருட்டில் தொடங்கலாமா?

கைகொடுத்தது ‘வைன்’. மதுவன்று, மென்பொருள்தான்! “கோப்பைத் திற”, “சாளரம் காட்டு” என்று விண்டோஸ் மொழியில் வரும் கட்டளைகளை லினக்சுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் துபாசி அது. 1993இல் தொடங்கிய அப்பணி 1.0 பதிப்பை எட்டியது 2008இல். பதினைந்தாண்டு உழைப்பு! ஆயினும் அதற்கு விலை இல்லை.

எல்லாமே அதில் ஓடுமா? ஓடாது. கருவியை என் கணினியோடு இணைக்க முடியவில்லை. ஆகவே ஆய்வுக்கூடத்தில் அளந்து, கோப்பை மட்டும் அறையில் திறக்கிறேன். இது போதாதா?

மொழி தெரியாத இந்த ஊரில், முதல் மாதம் கடைக்காரரிடம் நமக்காகப் பேசிய மூத்த மாணவரை மறந்துவிட்டோமா? வைனும் அத்தகைய மூத்தவரே. திருட்டுப் பிரதியைத் தேடுமுன் ஒரு மாலைப் பொழுதை அவருக்குக் கொடுங்கள்!