நீதிபதி உட்ஸின் இரண்டு நாக்கு

அமெரிக்காவில் சட்டம் எல்லோருக்கும் சமம் என்கிறவர்கள் நீதிபதி வில்லியம் உட்ஸின் கதையைக் கேட்கட்டும்.

1888 ஜனாதிபதித் தேர்தல். இந்தியானா மாநிலத்தில் விலைக்குக் கிடைக்கும் வாக்காளர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஐவருக்கும் பணத்தோடு ஓர் ஆளைப் போடச் சொல்லிக் குடியரசுக் கட்சிப் பொருளாளர் டட்லி எழுதிய கடிதம் அம்பலமாயிற்று. லஞ்சம் கொடுக்கச் சொல்வதே குற்றம் என்று முதலில் ஜூரிகளுக்குச் சொன்னார் உட்ஸ். பிறகு மாற்றினார்: சொன்னால் மட்டும் போதாதாம், கொடுக்கவும் முயன்றிருக்க வேண்டுமாம்! டட்லி மீது வழக்கே எழவில்லை. ஜெயித்துவந்த ஜனாதிபதி ஹாரிசன் தயவில் 1892-ல் உட்ஸ் மேல் கோர்ட்டு ஏறினார். கைம்மாறு என்று ஊர் பேசாமல் என்ன செய்யும்?

1894. சிகாகோவில் ரயில்பெட்டி முதலாளி புல்மேன் கூலியை வெட்டினான். கம்பெனி வீட்டு வாடகையையோ குறைக்கவில்லை. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யூஜின் டெப்ஸ் தலைமையில் ரயில்வே தொழிலாளர்களும் புல்மேன் பெட்டிகளைத் தொட மறுத்தார்கள். ஜூலை 2-ல் உட்ஸும் க்ராஸ்கப் என்ற நீதிபதியும் தடையுத்தரவு போட்டார்கள். வேலையை நிறுத்தும்படி தொழிலாளியிடம் எடுத்துச் சொல்வதுகூடக் கூடாதாம்! லஞ்சம் கொடுக்கச் சொன்னவனுக்குக் கிடைத்த சலுகை இங்கே எங்கே போயிற்று?

டிசம்பரில், ஜூரியே இல்லாமல், டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை விதித்தார் உட்ஸ். ஆதாரம்? ஏகபோகக் கம்பெனிகளை அடக்கவென்று 1890-ல் வந்த ஷெர்மன் சட்டம்! 1895-ல் உச்சநீதிமன்றம் வேறு காரணம் காட்டி, ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்தது. உட்ஸ் 1901-ல் சாகும்வரை அதே நாற்காலியில்தான் இருந்தார்.