சேரி எந்த வரைபடத்தில் இருக்கிறது?

"தோட்ட வேலைக்கா இன்னும் ரெண்டு வருசம் படிக்கப் போற?" பி.ஆர்க் ஐந்து வருசம் முடித்த என் சித்தப்பா மகள், நிலவடிவமைப்பில் எம்.ஆர்க் சேரப் போகிறேன் என்றபோது கழுகுமலையில் எங்கள் தெருவே கேட்டது இது. கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. காலங்காலமாக அடுத்தவன் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிய சனம் வேறெப்படிக் கேட்கும்?

மண்ணைத் தொடுகிறவன் கூலி. மண்ணைத் தாளில் வரைகிறவன் நிபுணன். இதுதான் இங்குள்ள ஏற்பாடு. டெல்லி ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரில் 1972 முதல் இந்த மேற்படிப்பு நடக்கிறது. மேடு பள்ளம், நீரோட்டம், மண், மரம் எல்லாம் பாடம். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் உப்பும் கரிசலில் எது நிற்கும், எது சாயும் என்று எங்க அய்யாவுக்குத் தெரியும். கண்மாய்க் கரை, மடை, கலுங்கு அத்தனையும் அத்துப்படி. பட்டம்தான் இல்லை.

ஒன்று கேட்கிறேன். ஊரை மேட்டிலும் சேரியைப் பள்ளத்திலும் வைத்தவன் எந்தக் கல்லூரியில் படித்தான்? ஊர்ச் சாக்கடை எங்க தெருவில் வந்து விழுவது இயற்கையா? இல்லை, அது சாதி போட்ட பிளான். இதே கழுகுமலையில் 1895இல் தேர் வீதியில் ஊர்வலம் போகும் உரிமைக்காகக் கிறிஸ்தவ நாடார்கள் நின்றபோது உயிர்கள் விழுந்தன. 1927இல் மகாடில் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததே ஒரு போராட்டமாயிற்று. வீதியும் குளமும் வெறும் அழகுப் பொருள்களா?

நானும்தான் எம்.ஏ. தமிழ் படித்தேன். ஐந்து திணையும் மனப்பாடம். எந்தத் திணையில் எங்க சேரி என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிலத்தைப் பாட்டில் வைத்துக் கும்பிட்டோமே தவிர, பங்கு போட்டவன் யார் என்று கேட்கவில்லை. அவள் கேட்பாள்.

டாக்டர், வக்கீல், கலெக்டர் தவிர வேறு படிப்பில்லை என்றிருக்கும் தோழர்களே, பிள்ளைகளை இதற்கும் அனுப்புங்கள். முதல் வரைபடத்திலேயே குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோகிறது, சுடுகாட்டுப் பாதை எங்கே மறிக்கப்படுகிறது என்று அவர்கள் குறிக்கட்டும். அதைக் குறிக்காத வரைபடம் பொய்.

வெட்டுவான் கோயில் பார்க்க வருகிறவர்களுக்காக நாளைக்கு மலையடியில் ஒரு பூங்கா வரலாம். குழி வெட்ட எங்களைத்தான் கூப்பிடுவார்கள். வருவோம். ஆனால் வரைகிற மேசையில் எங்க வீட்டுப் பெண் உட்கார்ந்திருப்பாள். குழி வெட்ட அவர்களும் வரட்டும்.