தும்பையும் பார்த்தீனியமும்

சென்ற நவராத்திரியின்போது எங்கள் பாடசாலையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. வாணி விழாவுக்கென மாணவர் பூக்கொய்து வந்திருந்தனர். செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி ஆகியவற்றுக்கிடையே ஒரு சிறுவன் கொணர்ந்த தட்டில் மிகச் சிறிய வெண்பூக்கள் குவிந்திருந்தன. தூரத்திற் பார்த்தபோது தும்பை என்றே எண்ணினேன். அருகிற் சென்று பார்த்தபோது அது தும்பையன்று, பார்த்தீனியம் என்பது தெரிந்தது. தட்டை வாங்கி அப்புறப்படுத்தி, கைகளை நன்கு கழுவிவருமாறு அவனைப் பணித்தேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. "ஏன் சேர்? இது எங்கடை வளவிலை எப்பவும் நிக்கிற பூதானே!" என்றான்.

அவன் சொன்னதிற் பிழையில்லை. வவுனியாவில் 1999ஆம் ஆண்டில் இச்செடி இனங்காணப்பட்டபோது அவன் பிறந்திருக்கவில்லை. அவன் கண்விழித்து உலகத்தைப் பார்த்த நாள் முதல் வேலியோரத்திலும் ஒழுங்கையிலும் தரிசு நிலத்திலும் அதனையே கண்டிருக்கின்றான். அவனளவில் அதுவே நாட்டுச் செடி. தும்பையே அரிதாய்க் காணப்படும் அந்நியச் செடி. ஓர் உயிரினம் ஒரு மண்ணுக்குரியது என்பதை எவ்வாறு தீர்மானிப்பது? உரியதன்று எனத் தீர்மானித்தபின் அதனை என் செய்வது? இவ்விரு வினாக்களையும் சிறிது ஆராய்வது பயனுடையது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவை யாவும் தீங்கானவையல்ல. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களை வாழவைத்த மிளகாயும் புகையிலையும், பஞ்சகாலத்திற் பசிபோக்கிய மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. 1952ஆம் ஆண்டளவில் நமது குளங்களிற் கொணர்ந்து விடப்பட்ட ஆபிரிக்க மீனாகிய திலாப்பியா இன்று உலர்வலயத்து ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் உணவாகவும் வருவாயாகவும் விளங்குகின்றது. ஆகவே அயலினம் என்பது வேறு, ஆக்கிரமிக்கும் இனம் என்பது வேறு. தனது தாயகத்தில் ஒரு செடியைத் தின்னும் பூச்சிகளும் அதனைப் பற்றும் நோய்களும் அதனோடு போட்டியிடும் பிற செடிகளும் உள்ளன. அவை யாவும் சேர்ந்தே அதனை ஓர் அளவில் நிறுத்துகின்றன. கடல் கடந்து வரும் செடி பெரும்பாலும் தன் பகைவரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாய் வருகின்றது. வந்த இடத்தில் நிலம் திறந்து கிடப்பின், கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றது. தீமை அதன் பிறப்பிடத்தில் இல்லை. அது இங்கே என்ன செய்கின்றது என்பதிலேயே உள்ளது.

இவ்வேறுபாட்டை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. "சுதேசி", "அந்நியன்" என்னுஞ் சொற்கள் நமது நாட்டில் தாவர நூலோடு நின்றுவிடவில்லை. 1869இல் ஒருவகைப் பூஞ்சண நோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களிற் பரவி அப்பயிரை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பெற்றது. தேயிலையும் அயல்நாட்டுச் செடியே. ஆயினும் அதனை அந்நியமென்று எவரும் பழித்ததில்லை. அதன் கொழுந்தைக் கொய்த மக்களோ, பல தலைமுறை இம்மண்ணில் உழைத்தபின்னரும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். செடிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வகுத்த சொற்களை மனிதர்மீது ஏற்றும் வழக்கம் எத்துணைக் கொடியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அன்றியும், பிறப்பிடத்தை மட்டுமே அளவுகோலாய்க் கொள்ளும் கொள்கை செடிகள் விடயத்திலும் நம்மை ஏமாற்றிவிடும். இனி மூன்று வரலாறுகளை நோக்குவோம்.

முதலாவது சப்பாத்திக்கள்ளியின் கதை. 1795இல் செஞ்சாயம் தரும் பூச்சியென்று கருதிப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். அது உயர்ந்த சாயந்தரும் பூச்சியன்று, அதன் உறவினமே. சாய வாணிகம் சிறக்கவில்லை. ஆனால் அப்பூச்சி அங்கே பரவியிருந்த அமெரிக்கக் கள்ளியினம் ஒன்றை உண்டு தீர்த்தது. பின்னர் இவ்வுண்மையை உணர்ந்து அதனைத் தென்னிந்தியாவுக்கும், அங்கிருந்து 1860களில் இலங்கைக்கும் வேண்டுமென்றே கொண்டுசென்றனர். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பூச்சியைக் கொண்டுசென்று களையை அடக்கிய முதல் முயற்சி இதுவென்பர். ஆயின் அப்பூச்சி அந்த ஒரு கள்ளியினத்தையே நாடியது. அதன் உறவாகிய நாகதாளியைத் தொடவில்லை. இன்றும் அம்பாந்தோட்டைப் பகுதியில் நாகதாளி செழித்து வளர்கின்றது.

இரண்டாவது ஆகாயத்தாமரையின் கதை. தென்னமெரிக்காவுக்குரிய இச்செடி 1905இல் அதன் ஊதாப்பூவின் அழகுக்காக இலங்கைக்கு வந்தது. நான்கே ஆண்டுகளில், 1909இல், அதனை ஒழிப்பதற்கெனத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் செடியை வளர்ப்போரைத் தண்டிக்கும். மிதந்து செல்லும் செடிக்குச் சட்டம் தெரியாது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் நமது குளங்களிலும் வாய்க்கால்களிலும் அது மிதந்துகொண்டே இருக்கின்றது.

மூன்றாவது சல்வீனியாவின் கதை; இதுவே ஆசிரியராகிய நாம் நாணத்தக்கது. 1939இல் கொழும்புச் சர்வகலாசாலைக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குக் கற்பித்தற்பொருட்டுக் கொணரப்பட்ட இந்நீர்ப் பன்னம் எவ்வாறோ வெளியேறியது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான ஏக்கர் நெல்வயல்களிலும் நீர்நிலைகளிலும் பாய் விரித்தாற்போலப் படர்ந்தது. பல நாடுகளில் இதன் பகைவனைத் தேடியலைந்த விஞ்ஞானிகள் நெடுங்காலம் வெற்றிபெறவில்லை. காரணம், அதனை அவர்கள் வேறோர் இனத்தின் பெயரால் அழைத்து, அவ்வினத்தின் நாடுகளிலே தேடினார்கள். அது தனியினம் என்பது 1972இலேயே நிலைநாட்டப்பட்டது. 1978இல் அதன் தாயகம் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியெனக் கண்டனர். அங்கே அதனை உண்டு வாழும் ஒரு சிறு கூன்வண்டும் கிடைத்தது. 1980இல் அவுஸ்திரேலியாவின் ஓர் ஏரியில் விடப்பட்ட அவ்வண்டு வியத்தகு முறையில் அக்களையை அழித்தது. 1986இல் அது இலங்கைக்கும் கொணரப்பட்டு, இங்கும் பெரும் பயன் தந்தது. ஆட்களைக் கொண்டு அள்ளியும் மருந்து தெளித்தும் இயலாத கருமத்தை ஓர் எள்ளளவு பூச்சி இயற்றியது.

இம்மூன்று கதைகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. செடி தானாக வரவில்லை, மனிதனே கொணர்ந்தான். கொணர்ந்தவன் பகைவனுமல்லன், அழகையோ அறிவையோ பொருளையோ நாடியவன். சரியான பெயர் அறியாத காலமெல்லாம் முயற்சி வீணாயிற்று. பெயரும் உறவும் பிறப்பிடமும் அறிந்த பின்னரே தீர்வு பிறந்தது. ஆகவே பிறப்பிடத்தை அறிவது வெறுப்பதற்கன்று, விளங்கிக்கொள்வதற்கே.

இனிப் பார்த்தீனியத்திற்கு வருவோம். இதுவும் அமெரிக்க வெப்பவலயத்துச் செடியே. இந்தியாவில் 1950களிற் பரவத்தொடங்கிய இது, 1987ஆம் ஆண்டின்பின் இந்தியப் படையினரின் உணவுக்கென வந்த ஆடுகளோடோ, வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் விதைகளோடோ இலங்கைக்கு வந்திருக்கலாமென விவசாய அறிஞர் கருதுவர். முளைத்து ஏறத்தாழ ஒரு மாதத்திற் பூக்கும். ஒரு செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளை ஈனவல்லது. விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கியிருக்கும். பிற செடிகளின் முளைப்பைத் தடுக்கும் நஞ்சினைச் சுரக்கும். மனிதருக்குத் தோல் அழற்சியும் மூச்சிளைப்பும் தரும். மாடு தின்றாற் பால் கைக்கும்.

இவற்றையெல்லாம் வகுப்பிற் கற்பித்தவனாகிய நானே ஒரு பெரும் பிழை செய்தேன் என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைச் சிரமதானத்தின்போது மாணவரைக் கொண்டு இச்செடிகளைப் பிடுங்குவித்தேன். அப்போது அவை பூத்து முற்றியிருந்தன. பிடுங்கியவற்றை உழவு இயந்திரப் பெட்டியில் மூடாமல் ஏற்றி ஊரின் புறத்தே கொட்டினோம். நாட்டுக்குப் பணி செய்தோமென்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். அடுத்த மாரியில் அப்பெட்டி சென்ற ஒழுங்கை நெடுகிலும் இருபுறமும் பச்சைக் கோடிழுத்தாற்போல நாற்றுகள் முளைத்திருந்தன. நாங்கள் களையைப் பிடுங்கவில்லை, விதைத்திருக்கின்றோம். அன்று பிள்ளைகளுக்குக் கையுறை வழங்கவும் தவறினேன். இரு பிள்ளைகள் ஒரு கிழமை சொறியால் வருந்தினர்.

எனது பிழையை அளவிற் பெரிதாக்கினால் நாட்டின் பிழையும் ஓரளவு அதுவேயாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றது. 2016இல் ஆக்கிரமிப்பு அந்நிய இனங்களுக்கென ஒரு தேசியக் கொள்கையும் வகுக்கப்பட்டது. வடமாகாண சபை 2013இல் அமைந்தபின் மாகாண விவசாய அமைச்சு பார்த்தீனிய ஒழிப்பை ஓர் இயக்கமாகவே நடத்தியது. எனினும் செடி நிற்கின்றது. வயலில் நிற்கும் களை ஒரு திணைக்களத்துக்குரியது. குளத்தில் மிதப்பது மற்றொன்றுக்கு. சரணாலயத்தில் வளர்வது வேறொன்றுக்கு. இவ்வெல்லைகளைச் செடி மதிப்பதில்லை. 1990இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இந்நாட்டின் முதல் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பூந்தலத்தின் கரைகளிலே சீமைக்கருவேலம் படர்ந்து, வலசைப் பறவைகள் இரை தேடும் திறந்த வெளியை ஒடுக்கிவருகின்றது. உவர்நிலத்தைத் திருத்துவதற்கென அரசினரே முன்னர் நட்ட மரம் அது.

வடக்கில் இன்னொரு காரணமும் உண்டு. பார்த்தீனியம் அடர்ந்த காட்டுக்குள் எளிதிற் புகுவதில்லை. உழுது விட்ட தரிசிலும், இடிந்த வீட்டு வளவிலும், கிளறிய தெருவோரத்திலுமே அது குடியேறுகின்றது. போரினால் மக்கள் பெயர்ந்து ஆண்டுக்கணக்கிற் கைவிடப்பட்ட காணிகள், உரிமையாளர் கடல்கடந்து வாழும் வளவுகள், வேலி எங்கே என்று உறுதியால் மட்டுமே அறியத்தக்க நிலங்கள் நம்மிடையே எத்தனை! அயலவன் தன் வளவைத் துப்புரவாக்கினாலும் அடுத்த வளவின் விதை காற்றோடும் வெள்ளத்தோடும் வந்துவிடுகின்றது. எனவே இக்களையைப் பற்றிய கேள்வி, காணியை யார் பேணுவது என்னும் கேள்வியாகவே முடிகின்றது. மக்கள் மீண்டு குடியேறிப் பயிரிட்ட இடத்தில் அதற்கு இடம் சுருங்குகின்றது. ஒழிப்பு வாரங்களை நடத்துவதினும், காணியை அதற்குரியவரிடம் சேர்ப்பதும் பேணாத வளவுகளைப் பேணுதற்கு ஊர்ச்சங்கங்களுக்கு அதிகாரமளிப்பதும் பெரும்பயன் தருவன என்பது என் கருத்து.

உலகளவிலும் இப்பிரச்சினை சிறியதன்று. உயிர்ப்பல்வகைமை பற்றிய பன்னாட்டு அறிஞர் குழு 2023இல் வெளியிட்ட அறிக்கை, மனிதனால் இடம்பெயர்க்கப்பட்ட இனங்கள் 37,000 எனவும், அவற்றுள் தீங்கு விளைப்பனவாகச் சான்றுள்ளவை 3,500க்கு மேல் எனவும் கூறுகின்றது. பத்தில் ஒரு பங்குதான் தீயவை என்பதையும், அப்பத்தில் ஒரு பங்கே பேரழிவு செய்யவல்லது என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே உணர்த்துகின்றன. அவ்வொரு பங்கு எது என்பதைத் துறைமுகத்திலேயே அறிந்து தடுப்பதே மலிவான வழி. வந்தபின் முதலாண்டிலேயே கண்டுபிடிப்பது அடுத்த வழி. இதற்கு ஊர்தோறும் செடியறிந்த கண்கள் வேண்டும். அக்கண்களை ஆக்கும் பணி நம்முடையது.

அன்று அச்சிறுவனை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. விழா முடிந்தபின் பாடசாலையின் பின்புறத்து வேலியோரம் அவனை அழைத்துச் சென்றேன். நெடுநேரம் தேடி ஒரு தும்பைச் செடியைக் கண்டோம். இலையைக் கசக்கி மணக்கச் செய்தேன்; சிவபெருமானுக்கு உகந்த பூவென்றும், தும்பையினத்துள் ஒன்று தன் விஞ்ஞானப் பெயரிலேயே இலங்கையின் பெயரைத் தாங்குகின்றதென்றும் சொன்னேன். பின்பு, இன்னும் பூக்காத ஒரு பார்த்தீனிய நாற்றைக் காட்டி, கையுறை அணிந்து வேரோடு பிடுங்கும் முறையைக் காட்டினேன். மறுநாட் காலை அவன் வந்து, "சேர், எங்கடை வளவிலை தும்பை மூண்டு நிக்குது, மற்றதை எண்ணி முடியேல்லை" என்றான்.

மூன்றை அவன் எண்ணிவிட்டான். எண்ண முடியாததைப் பூக்குமுன் பிடுங்குவதற்கு அவன் ஒருவன் போதாது. அயல் வளவின் சொந்தக்காரர் யாரென்று விசாரித்துவருமாறு அவனிடம் சொல்லியிருக்கின்றேன்.